ஓசூர் கோர்ட்டுக்கு என்னைக் கூட்டிப்போன ஜெபம்

என் வாழ்நாளில் நான் மிகவும் உருகிச் செய்த ஜெபத்துக்குக் கர்த்தர் நான் கேட்ட பதிலைத் தரவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். சாட்சி சொல்ல எழுந்தவள் இப்படியா தொடங்குவாள் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நடந்தது அப்படித்தான், சபையாரே. மறைத்துச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

1986ஆம் வருடம், ஐப்பசி மழைக்காலம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன வார்ப்புக் கம்பெனியில் என் கணவர் அருள்தாஸ் வேலை பார்த்தார். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிப் பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற இடம். அவர் கம்பெனியின் நிரந்தர ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். எனக்குச் சொந்த ஊர் ராயக்கோட்டை. அவருக்குத் தருமபுரிப் பக்கம். கல்யாணமான கையோடு பிழைப்புக்காக ஓசூர் வந்தவர்கள் நாங்கள். வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் கிரேஸ் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அப்போது பள்ளிக்கூடம் போகவில்லை.

அன்று பகல் ஷிப்ட் முடிந்து அவர் வழக்கமாக வருகிற நேரம் தாண்டிவிட்டது. மழை பிடித்துக்கொண்டதால் எங்காவது ஒதுங்கி நிற்கிறார் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் கம்பெனியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். பாரம் தூக்குகிற சங்கிலி அறுந்து அச்சுப்பெட்டி அவர் மேல் விழுந்துவிட்டது, பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கட்டின புடவையோடு பஸ் ஏறினேன்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சில நாட்கள் இருந்தேன். அங்கே எல்லோரும் கன்னடம் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரியும். அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. "ஆண்டவரே, கையோ காலோ போனாலும் பரவாயில்லை, ஆளை எனக்குக் கொடுத்துவிடும்" என்று தரையில் முகம் கவிழ்த்துக் கேட்டேன். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு காலையில் நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் அவரைக் கொண்டுவந்த வேனை நிறுத்திக் காகிதம் கேட்டார்கள். மழையில் அந்த வேனுக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உயிரோடு போனவரை இந்த மாநிலத்திலிருந்து அந்த மாநிலத்துக்குக் கொண்டுபோக யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போதுதான் இத்தனை கேள்வி.

அடக்கம் முடிந்தது. ஆனால் கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

கம்பெனியில் போய்க் கேட்டேன். மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஷிப்ட் மூணு மணிக்கே முடிஞ்சிருச்சும்மா. அதுக்கப்புறம் உள்ள அவனுக்கு என்ன வேலை? செம்புக் கம்பி எடுக்கத்தான் ஒளிஞ்சிருந்திருக்கான். சாமான் மேல விழுந்திருச்சு. நாங்க போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கோம். ஏதோ செத்துட்டான்னு சும்மா விட்டிருக்கோம்" என்றார்.

கீழே கிடந்த ஆணியைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராத மனிதர் என் கணவர். அந்த வாசலில் நின்று கத்தினேன். வாட்ச்மேன் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. கிரேஸ் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "திருடன் மவள்னு சொல்றாங்கம்மா" என்றாள். அன்றிலிருந்து தினமும் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். நான் அவளை அடித்தும் அனுப்பியிருக்கிறேன், அணைத்தும் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து வீட்டுக்காரர் வந்தார். கம்பெனிகள் பெருகப் பெருக ஓசூரில் வீட்டுக்கு அவ்வளவு கிராக்கி. இரண்டு மடங்கு வாடகைக்கு ஆள் காத்திருந்தது. "வீட்ட உன் புருஷனுக்குத்தான் விட்டேன். அவனே இல்ல. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா. போலீஸ் கேஸ்ல பேர் அடிபட்ட குடும்பத்த வெச்சிருந்தா மத்தவங்க எல்லாம் என்ன சொல்வாங்க?" என்றார். நான் வாடகையை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். மறுவாரம் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார். பிறகு கக்கூஸ் கதவுக்குப் பூட்டுப் போட்டார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எருக்கஞ்செடி மறைவுக்குப் போய்வர நான் பட்ட அவமானத்தை இங்கே விவரிக்க வேண்டாம்.

ராயக்கோட்டையில் என் அண்ணனிடம் போகலாம். ஆனால் போய்விட்டால் என் கணவர் திருடன் என்பது நிலைத்துவிடும். ஓடிப்போனவள் என்பார்கள். அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

யாரோ சொன்னார்கள் என்று கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய வக்கீலிடம் போனேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட பீஸ் எனக்குக் கனவில்கூட வராத தொகை. "இல்லேன்னா கம்பெனி குடுக்கறதை வாங்கிட்டுப் போயிடும்மா" என்றார். கம்பெனிதான் எதுவும் கொடுக்கவில்லையே என்று சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்போது நம் சபை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கூடிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவரிடம் யோசனை கேட்டேன். அவர் நல்ல மனிதர், எங்கள் கல்யாணத்தில் ஜெபித்தவர். "விசுவாசி கோர்ட்டுப் படி ஏறலாமா சகோதரி? அநியாயத்தக் கர்த்தர் பார்த்துக்குவார். நீங்க மன்னிச்சிட்டு அமைதியா இருங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உள்ளே பற்றி எரிந்தது. மன்னிக்கச் சொன்னதற்காக இல்லை. அமைதியாக இருந்தால் பொய் ஜெயித்துவிடுமே, அதற்கு நான் துணை போனதாகாதா என்று. அதே சமயம் பயமாகவும் இருந்தது. கர்த்தருக்கு விரோதமாக எதையாவது செய்து மிச்சமிருக்கிற பிள்ளைகளையும் இழந்துவிடுவேனோ என்று.

அன்று சாயங்காலம் பிள்ளைகளை இருபுறமும் உட்காரவைத்து ஜெபித்தேன். அது அழகான ஜெபம் இல்லை. சண்டை போடுகிற ஜெபம். "அவரைக் கேட்டேன், நீர் கொடுக்கவில்லை. இப்போது வேறொன்று கேட்கிறேன். நான் கோர்ட்டுக்குப் போகக்கூடாதென்றால் வழியெல்லாம் அடைத்துவிடும். போகலாமென்றால் என் சக்திக்கு ஏற்ற ஒரு ஆளைக் காட்டும். நானாகத் தேட எனக்குத் தெம்பில்லை" என்றேன். ஆமென் சொல்லும்போதுகூட நம்பிக்கை இல்லை. வாய்தான் சொன்னது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ஜெயம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தினமும் அவள்தான் எங்களுக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்தாள். கன்னடக்காரி, தமிழைக் கலந்து பேசுவாள். நம் விசுவாசம் இல்லாதவள். வாசலில் மாரியம்மன் படம் வைத்துக் கும்பிடுகிறவள். அவளிடம் நான் ஜெபத்தைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. அவளாகவே சொன்னாள்:

"எஸ்தரக்கா, எங்க அண்ணனுக்கு நிலத் தகராறு வந்தப்ப ஒரு லாயரு பாத்தாரு. நம்ம ஓசூருதான். நம்ம மாதிரி ஆளுங்க குடுக்கறத வாங்கிக்குவாரு. நடி அக்கா, போலாம், நான் கூட வர்றேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். கர்த்தர் ஆளைக் காட்டுவார் என்றால் சபைக்குள்ளிருந்து காட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

வக்கீல் பெயர் ராமச்சந்திரப்பா. கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாவு மில்லுக்கு மேலே சின்ன அறை. மில் ஓடும்போது பேசுவது கேட்காது, மேசையெல்லாம் மாவுத் தூசி படிந்திருக்கும். தெலுங்கு பேசுகிற குடும்பம். ஐம்பது வயது இருக்கும். நான் அழுது முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இருந்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்? அத மொதல்ல சொல்லு" என்றார்.

"அவரு திருடன் இல்லீங்கன்னு எழுதித் தரணுங்க" என்றேன்.

"அப்படி ஒரு கேஸ் கோர்ட்டுல கெடையாதும்மா." மேசை மேல் இருந்த மாவுத் தூசியைத் துடைத்தார். "ஆனா வேலை செய்யறப்பதான் செத்தாருன்னு நிரூபிச்சு நஷ்ட ஈடு கேக்கலாம். அதுல ஜெயிச்சா திருடன்ங்கற பேரு தானா விழுந்துடும். அது சேலத்துல லேபர் ஆபீசர் முன்னால நடக்கும். வருஷக்கணக்குல இழுப்பாங்க. ஜெயிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சாட்சி வேணும். ஆனா வீட்டு விஷயம் வேற. அத இங்கயே முன்சீப் கோர்ட்டுல பாத்துக்கலாம். வாடகைக்காரன் செத்துட்டா அவன் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுக்குப் போகணும்னு எந்தச் சட்டமும் சொல்லல."

வாடகையை வீட்டுக்காரர் வாங்காவிட்டால் மாதம் தவறாமல் மணியார்டர் செய், திருப்பி அனுப்பினால் அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வை என்றார். யாரிடமும் சண்டை போடாதே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்றார். கடைசியாக நான் பயந்துகொண்டே பீஸ் கேட்டேன்.

"ஒவ்வொரு வாய்தாவுக்கும் உன்னால முடிஞ்சது ஏதாவது குடு. ஒரு டீ செலவா இருந்தாலும் சரி. ஓசியில மட்டும் எடுக்க மாட்டேன். ஓசி கேஸுன்னா எனக்கே சோம்பல் வந்துடும், கேஸ் கட்டு அடியில போயிடும்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிச்சையாகக் கொடுக்கவில்லை அவர். நான் அவருடைய கட்சிக்காரி. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் ஒரு மனுஷியாகப் படியிறங்கி வந்தேன்.

ஒரு பூங்கன்றுப் பண்ணையில் களை எடுக்கிற வேலையில் சேர்ந்தேன். தை மாதத்துக்குள், எங்களைக் காலி செய்யவைக்கக் கூடாதென்று வீட்டுக்குத் தடை உத்தரவு கிடைத்தது. கோர்ட்டு ஆள் வந்து தண்ணீரைத் திறக்கச் சொன்னார். பூட்டும் கழன்றது. வீட்டுக்காரர் என்னைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்புவார். துப்பட்டும் என்று இருந்தேன். கிரேஸ் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

சேலத்து வழக்குத்தான் என்னை அரைத்தது. விடிவதற்கு முன் பஸ் ஏறி, தருமபுரி தாண்டி, தொப்பூர் மலையிறங்கிப் போவோம். "இன்னிக்கு ஆபீசர் லீவு" என்பார்கள். அடுத்த முறை கம்பெனி வக்கீல் வரமாட்டார். ராமச்சந்திரப்பாவும் என்னோடு அதே பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறார். அவர் சொல்வது ஒன்றுதான்: "சாட்சி இல்லாம நாம சும்மா போயிட்டு வர்றோம்மா."

சாட்சி ஒருவர் இருந்தார். முனியப்பா. என் கணவரோடு காண்ட்ராக்டில் வேலை செய்தவர், அன்று கூட இருந்தவர். விபத்துக்குப் பிறகு கம்பெனிக்காரர்கள் அவரை ஊரிலேயே இருக்கச் சொல்லி அனுப்பிவைத்திருந்தார்கள். தளிக்கு அந்தப் பக்கம், ஜவளகிரியில் காட்டோரம் வீடு. தேடிக்கொண்டு போனேன். யானை மிதித்த கேழ்வரகு வயலில் நின்று, சாய்ந்த கதிரை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"பாத்தது நெசந்தாங்க்கா. ஷிப்ட் முடிஞ்சும் சூப்பர்வைசர்தான் நிறுத்தி வெச்சாரு, அச்சு எறக்கணும்னு. ஆனா நான் வாயத் தொறந்தா எங்க தம்பியையும் வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. அவன் சம்பளத்துலதான் இங்க அடுப்பு எரியுது. மன்னிச்சிருக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய மனைவி களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. வாய்தா என்றைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாய்தாவுக்கு அவர் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. சேலம் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று, இத்தோடு விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வக்கீலிடமும் சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம்மா" என்றார். அவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை.

அதுவரைக்கும் நான் முனியப்பாவின் மேல் கோபத்தோடுதான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவரை இழுத்துக்கொண்டு வாரும் என்று. அன்று பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஜெபம் மாறிவிட்டது. நானாக மாற்றவில்லை. "கர்த்தாவே, அந்த மனுஷனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் பயத்தை நீர் எடுத்துப்போடும். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும்" என்று வந்தது. சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் பெயரைச் சொல்லித் தினமும் அப்படியே ஜெபித்தேன்.

அடுத்த வாய்தா 1988 மாசியில் வந்தது. ஆபீஸ் வாசலில் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, ஒருவர் சுவரோரம் குந்தியிருந்தார். முனியப்பா. முந்தின நாளே வந்து சேலம் பஸ் நிலையத்தில் படுத்திருந்தாராம். ஓசூரில் தங்கினால் மனசு மாறிவிடும் என்று பயந்து இங்கேயே வந்துவிட்டதாகச் சொன்னார்.

உள்ளே அவரைக் கூப்பிட்டார்கள். நடந்ததைச் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து, "நீ அன்னிக்குக் குடிச்சிருந்தியா?" என்றார். "இல்லீங்க." "இந்தம்மா உனக்கு எவ்வளவு குடுத்துக் கூட்டியாந்துச்சு?" முனியப்பா நிமிர்ந்து நின்றார்.

"அவங்க ஒண்ணும் குடுக்கலீங்க. நான்தான் அவங்களுக்குக் குடுக்கணும். சங்கிலி அறுந்தப்ப அச்சுப்பெட்டிக்கு நேரா நின்னது நானுங்க. அருளண்ணன்தான் என்னைப் புடிச்சு அந்தாண்ட தள்ளுனாரு. தள்ளிட்டு அவரு நகர்றதுக்குள்ள..." கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, சபையாரே. ஜவளகிரியில் அவர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றதற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டேன். ராமச்சந்திரப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். என் கணவரை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று அத்தனை நாள் கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. ஆனால் கடைசி நொடியில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்துவிட்டது. இந்த வழக்கு இல்லாவிட்டால் அதைத் தெரிந்துகொள்ளாமலே நான் ராயக்கோட்டைக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

தீர்ப்பு வர இன்னும் பல மாதங்கள் ஆயின. ஆங்கிலத்தில் இருந்தது. மாவு மில்லை நிறுத்துகிற நேரம் பார்த்து, வக்கீல் எனக்குத் தமிழில் சொன்னார்: "அருள்தாஸ் வேலையில இருக்கும்போது, வேலை செய்யறதுனாலயே செத்தாருன்னு சர்க்காரே சொல்லிருச்சும்மா. திருட்டுன்னு கம்பெனி சொன்னது பொய்யின்னும் எழுதியிருக்காங்க." வந்த பணத்தில் கடன் போக மிச்சம் பிள்ளைகள் படிப்புக்கு ஆயிற்று. ராமச்சந்திரப்பாவுக்கு நான் பெரிய தொகையாக ஒன்று கொடுக்கப் போனேன். நியாயமான பீஸை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே திணித்தார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். முனியப்பாவின் வேலை போனது. தம்பியின் வேலையும் போனது. இரண்டு பேரும் கெலவரப்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தக்காளி போட்டார்கள். ஒரு வருடம் விலை இருந்தது, ஒரு வருடம் இல்லை. அந்த வீட்டுக்காக நான் ஜெபிப்பதை நிறுத்தவில்லை. என்னைத் தடுத்த சபைப் பெரியவர் கடைசிவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டைக்கூட இரண்டு வருடம் கழித்து நானே காலி செய்தேன். யாரும் துரத்தி இல்லை, வேறு வீடு பார்த்துக்கொண்டு, பகலில், எல்லோரும் பார்க்க, பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் கிரேஸிடம் சொன்னேன். அவள் அப்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டாள். அப்பா ஒருவரைக் காப்பாற்றப் போய்த்தான் இறந்தார் என்றேன். அவள் அழவில்லை. "அம்மா, இத நான் ஸ்கூல்ல சொல்லலாமா?" என்றாள்.

"சத்தமா சொல்லு" என்றேன்.

சபையாரே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. நான் விதவையாகப் போனேன், விதவையாகத்தான் வந்தேன். ஆனால் கர்த்தர் என்னைத் தனியாக விடவில்லை. வேறு சாமி கும்பிடுகிற ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் வாயிலும், மாவுத் தூசி படிந்த ஒரு அறையிலும், பயந்துபோன ஒரு மனிதனின் நெஞ்சிலும் அவர் இருந்தார். நீங்களும் ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டப்படுகிற ஒரு சகோதரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரியும். கோர்ட்டு வாசல் என்றால் கால் நடுங்கும் அம்மா. எனக்கும் நடுங்கியது. நாளைக்குக் காலையில் நான் உன் வீட்டுக்கு வருகிறேன். சேர்ந்தே போவோம்.